கலங்கிய நீரும் ஈடுசெய்யும் கடனும்

களவு செய்த ஒருவர் ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகித் தம் பாவத்தை அறிக்கையிடும்போது, குருவானவர் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டீரா?" கொடுத்துவிட்டால் நன்று, இல்லையெனில், கொடுப்பதற்கான உறுதியாவது வேண்டும். திருடிய ஆட்டைத் தம் தொழுவத்தில் கட்டி வைத்துக்கொண்டு, பத்து முறை 'அருள்நிறை மரியே' சொல்லிவிட்டுப் போவதால் கணக்குத் தீராது என்பதை நம் பாட்டிமாரும் அறிந்திருந்தனர். சக்கேயு இயேசுவைத் தம் வீட்டில் வரவேற்றபோது வெறும் கண்ணீரோடு நிற்கவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னார். அதன் பின்னரே அந்த வீட்டிற்கு மீட்பு உண்டாயிற்று என்ற சொல் ஆண்டவரிடமிருந்து வந்தது.

களவு போனது ஓர் ஆடு என்றால் இக்கேள்வி எளிது. களவு போனது ஓர் ஆறு என்றால்? எடுத்தவர் ஒருவரல்லர், ஐந்நூறு பேர். இழந்தவர் ஒருவரல்லர், பல்லாயிரம் பேர். எடுத்த பொருளோ எவர் பெட்டியிலும் இல்லை, மண்ணுக்கடியில் உப்பாய்க் கரைந்து கிடக்கிறது என்றால், திருப்பிக் கொடுப்பது என்பதன் பொருள் என்ன? நம் நாட்டு நீதிமன்றங்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடிவரும் இக்கேள்வி, நம் மனச்சான்றின் முன்னும் நிற்கிறது.

பாலாறு என்னும் வழக்கு

கருநாடகத்து நந்தி மலையில் தோன்றி, ஆந்திரத்தில் சிறிது தூரம் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தில் நுழைந்து, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியாகக் கடல் சேர்வது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலே தெரியும். ஆயினும் அதை வறண்ட ஆறு என்று அப்பகுதி மக்கள் எண்ணியதில்லை. மணலுக்கடியில் ஓடும் நீரே அதன் செல்வம். கையால் தோண்டினால் ஊற்றுச் சுரக்கும். கரையோரக் கிணறுகள் அந்த ஊற்றை நம்பியே நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்த்தன. கண்ணுக்குத் தெரியாமல் கொடுக்கும் ஆறு அது.

அக்கரைகளில் தோல் பதனிடும் தொழில் பழமையானது. ஆவாரம் பட்டையைக் கொண்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட காலம் ஒன்று உண்டு. பதப்படுத்தாத, அரைகுறையாய்ப் பதப்படுத்திய தோலின் ஏற்றுமதியை அரசு 1970-களில் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலையும் தோற்பொருளையும் ஏற்றுமதி செய்ய ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி பெருகியது; விரைந்து முடியும் குரோமியப் பதனிடுதலும் பெருகியது. பச்சைத்தோல் கெடாதிருக்க இட்ட உப்பு, முடி நீக்கும் சுண்ணாம்பு, சல்பைடு, பதனிடும் குரோமிய உப்பு ஆகியவற்றோடு சேர்ந்த கழிவுநீர் வாய்க்காலிலும் ஏரியிலும் ஆற்றிலும் விடப்பட்டது. பெருக்கெடுத்து ஓடும் ஆறாயின் கழிவின் ஒரு பகுதியைக் கடலுக்கு அடித்துச் சென்றிருக்கும். பாலாறோ மணலாறு, அது கழிவை உறிஞ்சித் தன் ஊற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. கிணற்று நீர் கரித்தது; தென்னை குன்றியது; நிலத்தில் உப்புப் பூத்தது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28 அன்று வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதையும், தோல் தொழில் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்பதையும் அத்தீர்ப்பு பதிவு செய்தது. இதே தொழில் நடக்கும் திண்டுக்கல் பகுதியில், ஆய்வு செய்யப்பட்ட 13 ஊர்களின் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்பதும் அதில் உள்ளது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்கூடம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இழப்பை மதிப்பிட்டு ஈடு வழங்கத் தனி அதிகார அமைப்பு ஒன்றை நிறுவுமாறு நடுவண் அரசுக்கு ஆணை பிறந்தது.

அத்தீர்ப்பு இரண்டு கொள்கைகளை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென அறிவித்தது. ஒன்று, முன்னெச்சரிக்கைக் கொள்கை: தீங்கு நேரும் என்பதை ஏழை உழவன் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, தீங்கு நேராது என்பதைத் தொழில் செய்பவரே மெய்ப்பிக்க வேண்டும். மற்றொன்று, மாசுபடுத்தியவரே செலவை ஏற்கும் கொள்கை. இச்செலவில் பாதிக்கப்பட்டோருக்குத் தரும் ஈட்டுத்தொகை மட்டுமன்றி, கெட்டுப்போன இயற்கையை முன்போல் ஆக்கும் செலவும் அடங்கும் என்று நீதிமன்றம் தெளிவாகவே கூறியது. நம் சிந்தனைக்குரிய இடம் இதுவே.

அபராதம் வேறு, ஈடு வேறு

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற எவரும் புனித தாமஸ் அக்குவினாசின் ஒரு வேறுபாட்டை மறந்திருக்க முடியாது. தம் இறையியல் தொகுப்பில் ஈடுசெய்தலைப் பற்றித் தனியே ஒரு வினாவை அமைக்கும் அவர், பிறர் பொருளைக் கவர்ந்த செயலில் இரண்டு கூறுகளைக் காண்கிறார். ஒருவரிடம் மிகுதியும் மற்றவரிடம் குறையும் உண்டாகிச் சமன்பாடு குலைவது ஒன்று. அநீதி என்னும் குற்றம் மற்றொன்று. குலைந்த சமன்பாட்டைச் சரிசெய்வது ஈடு. குற்றத்திற்கு நடுவர் விதிப்பது தண்டனை. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்க இயலாது. சிறை சென்று திரும்பியதனாலேயே திருடிய பொருள் திருடனுக்கு உரிமையாகிவிடுவதில்லை.

அபராதம் கட்டிய நொடியில் முடிந்துவிடும். ரசீது கையில் வந்ததும் கணக்கு மூடப்படும். ஈடு அப்படியன்று. இழந்தவர் இழந்ததைப் பெறும்வரை அது முடிவதில்லை. அபராதம் குற்றவாளியின் பக்கம் நின்று, 'நான் எவ்வளவு கட்ட வேண்டும்?' என்று கேட்கிறது. ஈடோ இழந்தவரின் பக்கம் சென்று, 'உன் கிணறு இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்கிறது.

இந்த வேறுபாடு மங்கிவிட்டால், மாசுபடுத்தியவர் பணம் கட்ட வேண்டும் என்ற நல்ல கொள்கை, பணம் கட்டினால் மாசுபடுத்தலாம் என்ற கொடிய கொள்கையாகத் திரிந்துவிடும். அபராதம் தொழிலின் செலவுகளில் ஒன்றாகி, மின்கட்டணத்தோடும் போக்குவரத்துக் கூலியோடும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டுவிடும்.

பாலாற்றில் என்ன நடந்தது? இழப்பை மதிப்பிட அமைக்கப்பட்ட அதிகார அமைப்பு 2001 மார்ச்சு 7 அன்று வேலூர் மாவட்டத்திற்கான தீர்வை வழங்கியது. பாதிக்கப்பட்டோர் 29,193 பேர். அவர்களுக்கான ஈட்டுத்தொகை ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாய். பெருந்தொகையாகத் தோன்றும் இதனை வகுத்துப் பாருங்கள். தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்க்கும் குறைவு. தாத்தா வெட்டிய கிணற்றுக்கு, பல ஆண்டு விளைச்சலுக்கு, குடத்தோடு நெடுந்தூரம் நடந்த பெண்களின் உழைப்புக்கு, நிலத்தை விட்டுக் கூலி தேடிப் போன பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு இதுவா விலை? மதிப்பிட்டவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் எண்ணக்கூடியதை எண்ணினார்கள். ஆனால் எண்ணக்கூடியது இழப்பின் ஒரு பகுதியே.

இங்கும் அக்குவினாஸ் நமக்குத் துணை நிற்கிறார். ஒருவரது உறுப்பை வெட்டியவர் அவ்வுறுப்பைத் திருப்பித் தர முடியாது. ஆயினும் கடன் நீங்கிவிடவில்லை, இயன்ற அளவு ஈடுசெய்தே ஆக வேண்டும் என்கிறார் அவர். ஆற்றைப் பொறுத்தவரை இயன்ற அளவு என்பது பணத்தோடு நிற்பதன்று. கழிவை நிறுத்துவது, குவிந்த நச்சை அகற்றுவது, ஊற்று மீளும்வரை அவ்வூராருக்கு நல்ல நீர் தருவது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் ஒன்றரை இலட்சம் டன் அளவுக்குக் கிடந்து, மழைதோறும் நிலத்தடி நீருக்குள் நஞ்சைக் கசியவிட்டதை நினைவிற்கொள்வோம். கதவைப் பூட்டியதால் கடன் தீரவில்லை.

ஒன்பது வழிகள்

யார் ஈடுசெய்ய வேண்டும் என்று கேட்டால், முதலாளி என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட விரும்புவோம். ஆனால் கிறிஸ்தவ அறநெறி அத்தனை விரைவில் நம்மை விடுவதில்லை. ஒருவரது அநீதியில் பிறர் பங்குகொள்ளும் ஒன்பது வழிகளை அக்குவினாஸ் எண்ணிக் காட்டுகிறார்: ஏவுதல், ஆலோசனை கூறுதல், இசைதல், புகழ்ந்து தூண்டுதல், புகலிடம் தருதல், உடன்சேர்ந்து செய்தல், வாய் திறவாதிருத்தல், தடுக்காதிருத்தல், வெளிப்படுத்தாதிருத்தல். இவற்றுள் கடைசி மூன்றும் ஒன்றும் செய்யாதிருப்பதால் செய்யும் பாவங்கள். அவை எல்லாரையும் எப்போதும் ஈட்டுக் கடனுக்கு உள்ளாக்குவதில்லை என்கிறார். ஆயினும் தடுக்கும் பொறுப்பில் உள்ளவர் தடுக்காதிருந்தால் அவர் கடன்பட்டவரே. அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்யும். ஆள்வோரின் குறைபாட்டால் நாட்டில் கள்வர் பெருகினால், ஆள்வோரே ஈடுசெய்யக் கடமைப்பட்டவர்கள். ஏனெனில் அவர்கள் பெறும் வருவாய், நீதியைக் காப்பதற்கென்றே தரப்படும் கூலி போன்றது.

எசேக்கியேல் இறைவாக்கினரும் தம் நூலின் 34-ஆம் அதிகாரத்தில் இதே முறையைப் பின்பற்றுகிறார். தெளிந்த நீரைக் குடித்துவிட்டு, எஞ்சியதைக் காலால் கலக்கி, மெலிந்த ஆடுகள் அக்கலங்கலையே குடிக்கும்படி செய்யும் கொழுத்த ஆடுகளை இறைவன் அங்கே கண்டிக்கிறார். நீரைக் குடித்தது குற்றமன்று. பிறர் குடிக்க முடியாதபடி கலக்கியதே குற்றம். ஆனால் ஆடுகளைக் கண்டிப்பதற்கு முன்பே, தங்களையே மேய்த்துக்கொண்ட ஆயர்கள் அவ்வதிகாரத்தில் தீர்ப்புக்கு உள்ளாகிவிடுகிறார்கள்.

நம் ஆயர்களாகிய ஆட்சியாளர்களின் நீர் அரசியலில் ஒரு வியப்பைக் காணலாம். ஆற்றில் எவ்வளவு நீர் வரவேண்டும் என்பதற்குப் போராட்டம் உண்டு, கடையடைப்பு உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் வழக்கும் உண்டு. பாலாற்றின் குறுக்கே குப்பம் அருகே கணேசபுரத்தில் ஆந்திரம் அணை கட்ட முனைந்தபோது தமிழக அரசு 2006-இல் உச்சநீதிமன்றம் சென்றது, அது முறையே. ஆனால் வந்த நீர் எப்படி இருக்கிறது என்ற கேள்வி தேர்தல் மேடைகளில் அதே வேகத்தோடு ஒலிப்பதில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அளவைப் பற்றிய சண்டையில் எதிரி அடுத்த மாநிலத்தில் இருக்கிறார். தரத்தைப் பற்றிய கேள்வியில் எதிரி நம் ஊரிலேயே இருக்கிறார். தேர்தலுக்கு நன்கொடை தருபவராக, நம் பிள்ளைக்கு வேலை தருபவராக, சில வேளைகளில் நாமாகவே இருக்கிறார். அதனால்தான் வாக்குப்பெட்டியில் கிடைக்காத நீதியைத் தேடி, ஒருசில குடிமக்கள் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

தொழிலாளியின் சோறு

"தொழிற்கூடத்தை மூடிவிட்டால் எங்களுக்குச் சோறு யார் போடுவார், சாமி?" என்ற கேள்வி தோல் தொழில் நடக்கும் ஊர்களின் எந்தப் பங்கிலும் எழக்கூடியது. இதனை எளிதாகத் தள்ளிவிடுகிறவர் ஏழையின் அடுப்பை அறியாதவர். நிலமற்ற பல்லாயிரம் குடும்பங்கள், அவற்றுள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர், இத்தொழிலால் உண்கிறார்கள். உழவனின் கிணற்றைக் காக்கத் தொழிலாளியின் உலையைக் கவிழ்ப்பதும் நீதியாகாது.

ஆனால் இக்கேள்வியை எழுப்புபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தொழிலாளி எழுப்பினால் அது பசியின் குரல். அதையே முதலாளி எழுப்பும்போது, தொழிலாளி கேடயமாகிறான். கழிவைச் சுத்திகரிக்கும் செலவை மிச்சப்படுத்தியபோது அம்மிச்சத்தில் தொழிலாளிக்குப் பங்கு கிடைக்கவில்லை; செலவழிக்கச் சொன்னதும் அவன் முன்னால் நிறுத்தப்படுகிறான். நச்சின் முதல் பலியும் அவனே. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டைச் சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி இரவில் உடைந்தது. அருகிலிருந்த தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். உழவனும் தொழிலாளியும் எதிரெதிர்த் தட்டுகளில் நிற்பவர்கள் அல்லர். இருவரும் அந்த மெலிந்த ஆடுகளே.

தூய்மையும் தொழிலும் ஒன்றுசேர வழியே இல்லையா? பாலாற்றிலிருந்து சற்றே கண்ணைத் திருப்பி, கொங்கு நாட்டு நொய்யலைப் பார்ப்போம். திருப்பூர்ச் சாயக்கழிவால், 1992-இல் பாசனத்திற்கென்று கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. நீருக்காக ஏங்கிய உழவர்களே அணையைத் திறக்காதீர்கள் என்று வேண்டும் நிலை வந்தது. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் 2009-இல் அதனை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பட்ட துன்பம் பெரிது. ஆயினும் இயலாது என்று பல்லாண்டுகள் சொல்லப்பட்டது அதன்பின் இயன்றது. நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் அமைப்புகள் எழுந்தன, அரசு வட்டியில்லாக் கடன் தந்தது, தொழில் பிழைத்தது. அரசு முன்னமே துணைநின்றிருந்தால், முதலாளிகள் முன்னமே மனம் வைத்திருந்தால், அந்தப் பட்டினி மாதங்கள் தேவைப்பட்டிருக்குமா? தாமதித்த நீதியின் வட்டியைக் கட்டியவர்கள் ஏழைகளே.

நீதிமன்றம் செல்லக்கூடிய தூரம்

2025 ஜனவரி 30 அன்று பாலாற்று வழக்கில் உச்சநீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பை வழங்கியது. 2001-லும் 2009-லும் மதிப்பிடப்பட்ட ஈட்டுத்தொகை இன்னும் சேராதவர்களுக்கு மாநில அரசே ஆறு வாரங்களுக்குள் வழங்கிவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து அதனை வசூலிக்க வேண்டும் என்றது. இழப்பீடு கொடுத்ததோடு மாசுபடுத்தியவரின் கடமை முடிந்துவிடாது, இயற்கைக்கு நேர்ந்த கேடு நீங்கும்வரை பொறுப்புத் தொடரும் என்றது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நடுவர் ஒருவரின் தலைமையில் குழு அமைத்து ஆற்றை மீட்கும் பணியைக் கண்காணிக்கவும் ஆணையிட்டது.

இத்தீர்ப்பைப் படிக்கும் கத்தோலிக்கருக்கு ஒரு பழைய குரல் கேட்கும். தடுக்கத் தவறிய ஆட்சியும் கடன்பட்டது. கடன் பொருள் திரும்பும்வரை தீராது. நம் மறைக்கல்வி நூல் களவைப் பற்றிச் சொல்லிவருவதும் இதுவே. சட்டம் தன் வழியே நடந்து, ஒப்புரவு அருட்சாதனத்தின் வாசல்வரை வந்துவிட்டது எனலாம்.

ஆனால் வாசல்வரைதான். 1991-இல் தொடுத்த வழக்கின் ஈட்டுத்தொகை 2025-இலும் பேசப்படுகிறதென்றால், இடைப்பட்ட 34 ஆண்டுகளில் ஒரு தலைமுறை கண்மூடிவிட்டது. நீதிமன்றம் ஆணையிடலாம், இரவில் எவரும் பாராதபோது குழாயைத் திறந்துவிடும் கையை அது பிடிக்க முடியாது. அங்கே பிடிக்க வல்லது மனச்சான்று ஒன்றே.

நம் பங்கு

ஒன்பது வழிகளை ஆன்மச் சோதனையின் ஏடாக எடுத்துக்கொண்டால் நம் இடமும் அதில் புலப்படும். ஊர் ஏரியில் நுரை மிதப்பதைக் கண்டும் வாய் திறவாதவர்கள் உண்டு. கழிவு லாரி எங்கே கொட்டுகிறது என்று அறிந்தும் வெளிப்படுத்தாதவர்கள் உண்டு. நம் வீடுகளின் சாக்கடையும் சுத்திகரிக்கப்படாமல் அதே ஆற்றில்தான் கலக்கிறது. பதனிட்ட தோல் கப்பலேறிப் போகிறது. உப்பு இங்கே தங்கிவிடுகிறது. செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சூழியல் கடன்பட்டுள்ளன என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டின் தம் சுற்றுமடலில் உரைத்தது இத்தகைய கணக்கையே. தூய குடிநீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று அம்மடல் அழுத்திச் சொல்வதையும் நம் அன்பியக் கூட்டங்களில் படித்துச் சிந்திக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது அறமாகாது. ஈடுசெய்யப்படாத பணம் உண்டியலில் விழுந்தால் தூய்மையாகிவிடுமா? ஏழைகளின் உடைமையிலிருந்து எடுத்துச் செலுத்தும் பலியை, தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்வதற்கு ஒப்பிடுகிறது சீராக் ஞான நூலின் 34-ஆம் அதிகாரம். திருவிழாத் தேருக்கும் கோபுரத்திற்கும் வாரி வழங்கும் கை, கிணறு கெட்ட உழவனுக்குக் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுக்கட்டும். நன்கொடை அன்பைச் சேர்ந்தது. ஈடு நீதியைச் சேர்ந்தது. நீதியின் கடனை அன்பின் கணக்கில் எழுத முடியாது. இதனைச் சொல்லும் துணிவு பங்குத்தந்தையருக்கும் வேண்டும், பங்குப் பேரவைக்கும் வேண்டும்.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். நாமும் திருமுழுக்கில் நீரினாலேயே புதுப்பிறப்பு அடைந்தோம். அந்நீரை மந்திரிக்கும்போது அருட்கருவியாக உயர்த்தும் நாம், கோவிலுக்கு வெளியே ஓடும் நீரைச் சாக்கடையாக எண்ணினால், நம் வழிபாடே நம்மைக் குற்றம் சாட்டும். பாலாற்றின் ஊற்று ஒரே நாளில் திரும்பிவிடாது; பல மழைக்காலங்கள் உப்பைக் கழுவ வேண்டும். கடனோ இன்றே தொடங்கிவிட்டது. ஆற்றங்கரையில் ஒரு கிணற்று நீரை ஒரு குழந்தை அச்சமின்றி அள்ளிக் குடிக்கும் நாள் வரும்வரை, அது நம் எல்லார் பெயரிலும் எழுதப்பட்டே இருக்கும்.